எஹெலேபொல குடும்பக் கொலையும் ஓடிப்போன அதிகாரமும்

1814ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், கண்டி நகரில் நாத தேவாலயத்துக்கும் மகா விஷ்ணு தேவாலயத்துக்கும் இடைப்பட்ட வெளியில், எஹெலேபொல மகா அதிகாரத்தின் பிள்ளைகள் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பெற்ற குமாரிஹாமியையும் நெருங்கிய உறவுப் பெண்களையும் போகம்பரைக் குளத்துக்குக் கொண்டுபோய் நீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். இவர்களில் எவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டிருக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் குடும்பத்தின் தலைவர். அவர் அன்று கண்டியில் இல்லை. சப்ரகமுவையில் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராகக் கிளர்ந்து, அது தோற்றபோது பிரித்தானியர் வசமிருந்த தாழ்நிலத்துக்குள் போய்விட்டார்.

கண்டியில் வளரும் எந்தப் பிள்ளையும் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்வதில்லை. சிங்களப் பிள்ளைக்கு அது வீட்டிலேயே கிடைக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் கிடைக்கிறது. கதையின் நடுவில் நிற்பவன் ஒன்பது வயதுச் சிறுவன் மத்தும பண்டார. மூத்தவன் அஞ்சித் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டபோது, இளையவன் முன்னே வந்து, இறப்பது எப்படி என்று தான் காட்டுவதாக அண்ணனிடம் சொல்லிக் கழுத்தை நீட்டினான் என்பது அந்தப் பாடம். இருநூறு ஆண்டுக்கு மேலான ஒரு கொலை இவ்வளவு உயிரோடு இருப்பதற்கு அந்தச் சிறுவனே காரணம். ஆனால் அவனுடைய வீரம் முழுக் காட்சியையும் மறைத்துவிடுகிறது. யார் ஆணையிட்டார், ஏன் இட்டார், தகப்பன் எங்கே போனார், நடந்ததைக் கண்டு எழுதியவர் யார் என்ற கேள்விகள் வகுப்பறையில் எழுவதே இல்லை.

கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையே எல்லா வடிவங்களிலும் ஒன்றாக இல்லை. லொக்கு பண்டார, மத்தும பண்டார என்ற இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு கைக்குழந்தையும் எல்லாவற்றிலும் வருகிறார்கள். இடையில் ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள் என்பது பரவலான மரபு. பெயர்களும் கதைக்குக் கதை சற்று மாறுகின்றன.

எஹெலேபொல 1773இல் பிறந்தவர். கண்டி அரசில் மன்னனுக்கு அடுத்த பதவி மகா அதிகாரம். அந்தப் பதவியில் இருந்த பிலிமத்தலாவை 1811இல் அரசனைக் கொல்லச் சதி செய்தார் என்று மரண தண்டனை பெற்றபின், அவருடைய இடத்துக்கு எஹெலேபொல வந்தார். சப்ரகமுவையின் திசாவையும், அதாவது மாகாண ஆளுநரும், அவரே. மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில் இருந்த அந்த மாகாணம் பிரித்தானியரின் எல்லையைத் தொட்டுக் கிடந்தது. அரசனின் பிடி அங்கே தளர்ந்தே இருந்தது. வரியும் திறையும் அங்கிருந்து வந்தன. அரசனுக்கு எதிரான கடிதங்களும் அந்த வழியாகவே போயின.

மாகாணத்துக்குப் போகும் பெரிய பிரதானிகள் தங்கள் மனைவி மக்களைக் கண்டியில் விட்டுச் செல்ல வேண்டும் என்பது அரசின் வழக்கம். தலைநகரில் வசதியாக வாழும் அந்தக் குடும்பம் உண்மையில் பிணை. திசாவை தன் மாகாணத்தில் என்ன செய்தாலும் அதற்கான விலை தன் வீட்டில் விழும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டாருக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் 1814ஐப் படித்தால், குமாரிஹாமியின் சாவு ஒரு கொடுங்கோலனின் திடீர் வெறியாக மட்டுமே தெரியும். வெறி இருந்திருக்கலாம். ஆனால் அந்த வெறி ஓடிவர ஒரு வாய்க்கால் முன்பே வெட்டப்பட்டிருந்தது.

ஆணையிட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இளமைப் பெயர் கண்ணுசாமி. 1739இல் கண்டி அரியணை மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியினருக்குப் போனது. அந்த வழியின் நான்காவது மன்னனும் கடைசி மன்னனும் இவனே. 1798இல், பதினெட்டு வயது இளைஞனாக இருந்தபோது, பிலிமத்தலாவை இவனை அரசனாக்கினார். சொன்னபடி கேட்கும் பொம்மையாக இருப்பான் என்பது அவருடைய எண்ணம் என்று வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அவன் அப்படி இருக்கவில்லை. 1803இல் பிரித்தானியர் கண்டிக்குள் நுழைந்து, முத்துசாமி என்ற மற்றோர் உறவினனை அரியணையில் அமர்த்தினார்கள். அந்தப் படை சில மாதங்களில் நோயாலும் முற்றுகையாலும் நொறுங்கியது. வட்டாப்புளுவையில் அதன் வீரர்கள் கொல்லப்பட்டார்கள், முத்துசாமியும் கொல்லப்பட்டான், தளபதி மேஜர் டேவி கைதியாகக் கண்டியிலேயே பல ஆண்டுகள் இருந்து மடிந்தார். பிரித்தானியர் இந்தத் தோல்வியை மறக்கவில்லை. அரசனும் அது எப்படித் தொடங்கியது என்பதை மறக்கவில்லை: உள்ளிருந்து ஒரு பிரதானி வெளியாருக்கு வழிகாட்டினால் என்ன நடக்கும் என்பதை அவன் ஒருமுறை பார்த்துவிட்டான்.

பிறகு வந்த ஆண்டுகளில் அரசன் நகரை மாற்றிக் கட்டினான். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கண்டி வாவியும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அந்த நாட்களில் எழுந்தவை. தேவேந்திர மூலாச்சாரி அவற்றின் சிற்பி. வாவி வெட்ட இராஜகாரியம் என்ற கட்டாய வேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்தது மக்களிடையே கசப்பை வளர்த்தது. பிரதானிகளின் அதிகாரங்களையும் அரசன் குறைத்துக்கொண்டே போனான். அரசனும் பிரதானிகளும் ஒருவரையொருவர் நம்பாத நிலையில்தான் 1814 பிறந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் எஹெலேபொல சப்ரகமுவையில் இருந்தார். அரசன் கண்டிக்கு வரச் சொல்லி அழைத்தான், அவர் வரவில்லை. அவருடைய பதவிகள் பறிக்கப்பட்டன, மொல்லிகொட புதிய மகா அதிகாரம் ஆனார். எஹெலேபொல சப்ரகமுவை மக்களைத் திரட்டினார். கொழும்பிலிருந்து பிரித்தானியப் படை வந்து சேரும் என்று எதிர்பார்த்தார். படை வரவில்லை. மொல்லிகொட கிளர்ச்சியை விரைவில் அடக்கினார். பிடிபட்டவர்களில் 47 பேரைக் கண்டியில் கழுவேற்றியதாக ஜோன் டேவி (மேஜர் டேவி வேறொருவர்) எழுதியிருக்கிறார். எஹெலேபொல தம் ஆட்களுடன் எல்லையைத் தாண்டினார். குடும்பம் கண்டியில் இருந்தது.

கொலைக் காட்சியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான விவரமும் இந்த டேவியுடையதே. பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. வெட்டப்பட்ட தலை நெல் குற்றும் உரலில் இடப்பட்டு, உலக்கை தாயின் கையில் கொடுக்கப்பட்டது; குற்ற மறுத்தால் மானபங்கம் செய்யப்படுவாள் என்று மிரட்டினார்கள். குமாரிஹாமி உலக்கையை உயர்த்திப் போட்டாள். கடைசியாக, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை மார்பிலிருந்து பிடுங்கினார்கள். பின்னர் பெண்களைக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள், அரண்மனையைத் தவிர நகர் முழுவதும் ஒரே சாவீடாக இருந்தது. எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று அவர் எழுதுகிறார். இலங்கை பற்றிய புத்தகங்களில் இதைப்போல் பின்வந்தோரால் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்ட பகுதிகள் மிகச் சிலவே. ஓவியம், நாடகம், பாடநூல், திரைப்படம் எல்லாம் இந்தப் பக்கங்களிலிருந்து கிளைத்தவை.

டேவி இராணுவ மருத்துவர். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் தம்பி. அவர் இலங்கைக்கு வந்தது 1816இல். கண்டி அரசு விழுந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, கொலை நடந்து இரண்டு வருடம். புத்தகம் வெளிவந்தது 1821இல். அவர் பொய் எழுதினார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நிதானமான மனிதர், கண்ணால் கண்டதைக் கவனமாகப் பதிந்தவர். ஆனால் இந்தக் காட்சியை அவர் கண்ணால் காணவில்லை. கண்டியில் அவருக்கு அதைச் சொன்னவர்கள், பழைய அரசனைக் கவிழ்த்த தரப்பில் நின்றவர்களும் புதிய ஆட்சியின் கீழ் வாழ வேண்டியவர்களும் ஆவர். வீழ்ந்த மன்னனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதால் அன்றைய கண்டியில் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

டேவிக்கு முன்பே செய்திகளைச் சேர்த்துக்கொண்டிருந்த மற்றொரு ஆங்கிலேயர் ஜோன் டொயிலி. 1801இல் இலங்கைக்கு வந்தவர், சிங்களம் நன்கு கற்றவர், அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளர். பிக்குகள், வணிகர்கள், கிராமத் தலைவர்கள், மனம் கசந்த பிரதானிகள் எனக் கண்டி அரசுக்குள் அவருக்கு ஆள் இல்லாத இடமில்லை. ஓலைகள் எல்லைக்கு வந்து அவருடைய கைக்குச் சேர்ந்தன. 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு ஒரு நூற்றாண்டு கழித்து, 1917இல், அச்சில் வந்தது. ஒரு நாட்டை உள்ளிருந்து எப்படிக் கழற்றுவது என்பதை அதன் ஒவ்வொரு பக்கமும் காட்டுகிறது. எஹெலேபொலவுடன் நடந்த தொடர்பும் அதில் உண்டு. அவருடைய கிளர்ச்சி தானாக வெடித்த ஒன்றல்ல. கொழும்பின் ஊக்கமும் அதில் கலந்திருந்தது. ஆனால் தருணம் வந்தபோது ஆளுநர் பிரவுண்றிக் படையை அனுப்பவில்லை. போருக்கு இன்னும் வலுவான காரணம் அவருக்குத் தேவைப்பட்டது.

குடும்பத்தை இழந்து கொழும்புக்கு வந்த எஹெலேபொலவைப் பிரவுண்றிக் பரிவோடு வரவேற்றார். அந்தப் பரிவில் மனித உணர்வு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் கண்டியின் பாதைகளையும் கணவாய்களையும் பிரதானிகளின் மனநிலையையும் எஹெலேபொல அளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் கொழும்பில் இல்லை. அதே ஆண்டு நவம்பரில், பிரித்தானியப் பகுதியிலிருந்து கண்டிக்குப் போன வணிகர் பத்துப் பேர் ஒற்றர்கள் என்று பிடிக்கப்பட்டு, மூக்கும் காதும் கையும் வெட்டப்பட்டார்கள். உயிர் தப்பிய மூவர் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். 1815 ஜனவரி 10இல் போர் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 14இல் கண்டி நகர் விழுந்தது. 18இல் மெதமகாநுவரப் பக்கத்தில் ஒளிந்திருந்த அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் அரசவை மண்டபமான மகுல் மடுவத்தில் பிரதானிகள் கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தை இந்தக் கொலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதன் முதல் பிரிவே அரசனின் கொடுமைகளைப் பற்றியது: விசாரணையின்றி, சில வேளை குற்றச்சாட்டே இன்றி, உடல்வதையும் மரணமும் விதித்தவன் என்று அது கூறுகிறது. குற்றம் செய்ய முடியாத பிள்ளைகளின் சாவு அந்த வரிகளின் பின்னால் நிற்பதை எவரும் உணரலாம். அந்தக் காரணத்தால் அரசன் அரியணை உரிமையை இழந்தான் என்கிறது அடுத்த பிரிவு. அதன்பின் அவனுடைய உறவினர்களும், நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட மலபார் (தென்னிந்திய) இனத்து ஆண்களும் திரும்பி வருவது தடுக்கப்படுகிறது. ஒருவன் செய்த கொலையில் தொடங்கும் ஆவணம் ஓர் இனத்தாரை வெளியேற்றுவதற்குப் போய்விடுகிறது. ஆனால் ஆணையை நிறைவேற்றியவர்கள், பார்த்து நின்றவர்கள், கிளர்ச்சியை அடக்கிக் கைதிகளை அனுப்பியவர்கள் எல்லாரும் உள்ளூரார். அவர்களில் சிலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதவியில் தொடர்ந்தார்கள். மொல்லிகொட புதிய ஆட்சியிலும் முதல் அதிகாரமாக இருந்தார்.

ஆட்சி பிடிக்க வந்தவர்கள் வீழ்ந்தவனின் கொடுமையைப் பெருக்கிச் சொல்வது கண்டியில் மட்டும் நடந்ததல்ல. 1756இல் வங்க நவாப் சிராஜ் உத் தௌலாவின் ஆட்கள் கல்கத்தாக் கோட்டையின் சிறு அறைக்குள் 146 ஐரோப்பியரை அடைத்தார்கள், காலையில் 23 பேரே மிஞ்சினார்கள் என்று ஹோல்வெல் எழுதியது, பிளாசிப் போருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆங்கிலேயப் பள்ளிக்கூடங்களில் வேதம்போல் ஓதப்பட்டது. பிற்கால ஆய்வாளர் அந்த எண்களை வெகுவாகக் குறைத்தார்கள். அறையும் சாவும் உண்மை, அளவு வேறு. கண்டியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. உரலும் உலக்கையும் தாயின் கையில் திணிக்கப்பட்டதும் அதே அளவுக்கு உறுதியானதா என்பதுதான் திறந்திருக்கும் கேள்வி. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளியிட்ட நூலில், இந்த அரசனைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிரித்தானியரின் பரப்புரையால் உருவானது என்று வாதிட்டு, டொயிலியின் ஒற்றர் வலையை அதன் மையத்தில் வைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, உலகெங்கும் மதிக்கப்பட்ட ஒரு சிங்கள அறிஞர் இதைச் சொன்னது இலங்கையில் பலரை உலுக்கியது.

வெள்ளைக்காரரின் பேனா மட்டும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கண்டி விழுந்த கையோடு எழுந்த ‘எஹெலேபொல ஹட்டன’, ‘வடிக ஹட்டன’ ஆகிய சிங்களப் போர்க்காவியங்கள் எஹெலேபொலவை உயர்த்தியும் அரசனையும் அவனுடைய தென்னிந்திய உறவினர்களையும் இழித்தும் பாடின. அரசனின் உறவினர்கள் கண்டியில் குடியிருந்த தெரு இன்றும் மலபார் வீதி என்றே அழைக்கப்படுகிறது. தலதா மாளிகையிலிருந்து நடந்து போகும் தூரம். அந்த வீதியில் குடியிருந்தவர்கள் மீதான பொறாமை 1814க்கு முன்பே பிரதானிகளிடம் ஊறிக் கிடந்தது. பிரித்தானியர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, பயன்படுத்தினார்கள்.

கண்டித் தமிழ்ப் பிள்ளைகளின் வகுப்பறை நினைவுகளில் இந்தப் பாடத்துக்குத் தனி இடம் உண்டு. கதை முடியும்போது ஆசிரியை கண் கலங்குவார், பிள்ளைகளும் கலங்குவார்கள். அழுகை உண்மையானது, குழந்தையின் சாவுக்கு மொழி கிடையாது. அதற்குள்ளேயே ஒரு சங்கடமும் இருந்தது. கொன்ற அரசன் தமிழ் பேசியவன், தமிழ்ப் பெயர் கொண்டவன். 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தபின், அதே பாடத்தைப் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடம் பாரமாயிற்று. சில வீடுகளில் பெரியவர்கள் மறுமொழியாக அரசனைப் போற்றிப் பேசினார்கள். வாவியைக் கட்டியவன், வெள்ளையரை ஒருமுறை விரட்டியவன், துரோகத்தால் வீழ்ந்தவன் என்றார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இந்தப் போற்றுதலில் குமாரிஹாமியும் பிள்ளைகளும் காணாமல் போனார்கள். ஒரு தரப்புக்கு அவர்கள் அரசனின் குற்றப்பத்திரிகையாக இருந்தார்கள், மறு தரப்புக்குக் கட்டுக்கதையாக. இரண்டுமே அவர்களுக்குச் செய்த அநியாயம். உரல் கதை பொய்யாகவே இருந்தாலும், ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை வெட்டப்பட்டது பொய்யாகாது. அதற்கு ஆணையிட்டவன் வாவி கட்டியதால் அது இலேசாகிவிடாது.

அதைவிட அரிதாகக் கேட்கப்படும் கேள்வி தகப்பனைப் பற்றியது. பிணை வழக்கம் எஹெலேபொலவுக்குத் தெரியாத ஒன்றல்ல. அரசில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், பிறர் குடும்பங்கள் மீது அந்த வழக்கம் நடத்தப்பட்டதைப் பார்த்தவர். அரசன் அழைத்தபோது போயிருந்தால் அவருடைய தலை போயிருக்கும். போகாவிட்டால் வீட்டார் மாட்டுவார்கள். அவர் போகவில்லை. பிரித்தானியப் படை முந்திவிடும், கண்டி விழுந்துவிடும், குடும்பம் தப்பிவிடும் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். மொல்லிகொட செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1815இல் பிரித்தானியப் படை மலையேறியபோது அவரும் அரசனைக் கைவிட மனம் வைத்திருந்தார். ஆனால் மனைவியும் பிள்ளைகளும் கண்டியிலிருந்து பத்திரமாக வெளியே வரும்வரை காத்திருந்து, அவர்கள் வந்து சேர்ந்த பிறகே பிரித்தானியர் பக்கம் போனார். துரோகத்தில் இருவரும் ஒன்று. ஒருவருடைய பிள்ளைகள் பிழைத்தார்கள்.

எஹெலேபொல கண்டிக்குத் திரும்பியது வென்றவர்களோடு. பதவி எதையும் அவர் ஏற்கவில்லை. பிரித்தானிய அரசின் நண்பர் என்ற பட்டமே போதும் என்றார். அரியணையே தமக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தார் என்பது பலருடைய கணிப்பு. 1817இல் ஊவாவிலும் வெல்லசவிலும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 2இல், ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவு நாளன்று, பிரித்தானியர் எஹெலேபொலவைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். விசாரணை நடக்கவில்லை. குற்றச்சாட்டின்றித் தண்டித்தவன் என்று அரசனைச் சாடிய ஆட்சி, அந்த அரசனுக்குப் பலியான குடும்பத்தின் தலைவரை ஏழு ஆண்டுகள் காவலில் வைத்து, 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்தியது. 1829 ஏப்ரலில் அவர் அங்கேயே இறந்தார்.

1817 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவை, குமாரிஹாமியின் உடன்பிறந்தவர். சகோதரியையும் மருமக்களையும் பறிகொடுத்து, 1815இல் பிரித்தானியரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், கிளர்ச்சியை அடக்க அவர்களாலேயே அனுப்பப்பட்டு, கிளர்ச்சிக்காரர்கள் பக்கமே சேர்ந்தவர். 1818 நவம்பரில் போகம்பரையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ மருத்துவர் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அதே மார்ஷல் 1846இல் எழுதிய நூலில் பிரித்தானியர் கண்டியைப் பிடித்த விதத்தைக் கடுமையாக விமரிசித்தார். மண்டையோடு நாடு விடுதலையடைந்தபின் திரும்பி வந்து, 1954இல் தலதா மாளிகைக்கு எதிரேயுள்ள திடலில் நினைவுத்தூணின் கீழ் வைக்கப்பட்டது.

போகம்பரைக் குளம் இன்று இல்லை. அதைத் தூர்த்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து வருவோர் கண்டி வாவியைக் காட்டி இங்கேதான் குமாரிஹாமியை அமிழ்த்தினார்கள் என்று பேசிக்கொள்வது வழக்கம், அது தவறு. குளம் இருந்த பக்கத்தில் 1876இல் பிரித்தானியர் கட்டிய போகம்பரைச் சிறைச்சாலை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கி, 2014இல் மூடப்பட்டது. எஹெலேபொல வளவு நகர் நடுவில் நிற்கிறது. அண்மைக் காலத்தில் மெழுகுச் சிலைகள் வைத்து அதைக் காட்சியகமாக்கியிருக்கிறார்கள். டொயிலி 1815 முதல் கண்டியில் வதிவிடப் பிரதிநிதியாக இருந்து 1824இல் இறந்தார். தலதா மாளிகைக்குப் பின்னால் மேட்டில் உள்ள பிரித்தானியர் கல்லறைத் தோட்டத்தில் அவர் கிடக்கிறார். 2014இல், கொலையின் இருநூறாம் ஆண்டில், சுனில் ஆரியரத்னவின் ‘எஹெலேபொல குமாரிஹாமி’ திரைக்கு வந்தது. சில ஆண்டுகள் கழித்து வந்த ‘கிரிவெசிபுர’ என்ற மற்றொரு சிங்களப் படம் அரசனின் பக்கத்திலிருந்து கதையைச் சொன்னது. இரண்டையும் ஒரே நகரம் பார்த்தது நல்ல மாற்றமே.

அரசன் இந்தக் கொலைக்காக ஒருபோதும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. 1816 ஜனவரியில் அவனையும் அரசியரையும் உறவினரையும் கொழும்பிலிருந்து கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கே இறந்தான். பாலாற்றங்கரையில் தமிழ்நாட்டு அரசு எழுப்பிய முத்து மண்டபம் அவனுடைய நினைவிடம். சிறைப்பட்ட நாட்களில் தன்னைக் காவல் காத்த ஆங்கில அதிகாரியிடம் அவன் சொன்னதாக ஒரு பேச்சு பதிவாகியிருக்கிறது. கோபத்தில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஆலோசகர்கள் ஆங்கில ஆளுநர்களைச் சுற்றி இருக்கிறார்கள், கண்டி அரசர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, எங்கள் சினம் தணிவதற்குள் குற்றவாளி செத்துப்போகிறான் என்பது அதன் சாரம். எந்தக் கொலையையும் பெயர் சொல்லி அவன் குறிப்பிடவில்லை. சினத்தில் கொன்றதை மறுக்கவும் இல்லை. அந்த வதைக்களத்தைப் பற்றி அரசன் தரப்பிலிருந்து நமக்கு எட்டியிருக்கும் வாக்குமூலம் இவ்வளவே. இதையும் எழுதி வைத்தது அவனைப் பிடித்தவர்களே.